மேட்டுக்கொல்லைத் துத்தி

மருந்துக்கு இலை கேட்டு வந்தவரை இல்லையென்று திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. வரப்புத் தகராறில் கோர்ட்டு வரைக்கும் போனவர்கள்கூட, எதிராளி வீட்டுக் குழந்தைக்குச் சளி என்றால் தங்கள் வேலியில் இருக்கும் ஆடாதொடையைப் பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அதனால்தான் சம்பூர்ணம் தன் மேட்டுக்கொல்லையில் செழித்து நின்ற துத்தியில் ஒரு கொழுந்தைக்கூடக் கிள்ள விடாமல் ஆட்களை விரட்டியது முதலில் ஊருக்கு அதிசயமாக இருந்தது. பிறகு ஆத்திரமாக ஆனது.

அது சாதாரணத் துத்தியும் இல்லை. பாதையோரத்தில் வெயிலில் வதங்கிக் கிடக்கும் துத்திக்கு இலை உள்ளங்கை அளவு வந்தாலே பெரிது. இங்கே இடுப்புயரத்துக்கு வளர்ந்து, இலை வெற்றிலைபோல அகன்று, மாலையானால் மஞ்சள் பூவாக மலர்ந்து நின்றது. நடுநடுவே ஆமணக்கு. நான்கு பக்கமும் கரை கட்டினாற்போல வெட்டிவேர். கிணற்று மேட்டில் அந்த ஒரு மூலை மட்டும் பச்சையாக இருந்ததால் செட்டிகுளம் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரியும்.

துத்தி மூலத்துக்குக் கேட்கும். ஆனால் மூலம் என்று எந்த ஆம்பளையும் வாயைத் திறந்து சொல்லமாட்டான். உடம்பு சூடு என்பான். விடிந்ததும் மாட்டைத் தேடி வந்தவர்கள்போல வேலியோரம் வந்து நிற்பார்கள், மாடே இல்லாதவர்கள்கூட. ரோட்டோரம் இட்லிக்கடை வைத்திருக்கும் பச்சையம்மாள் யார் யார் மேட்டுக்கொல்லைப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துவைத்துக்கொண்டு, அவர்கள் இலையில் மட்டும் கேட்காமலே காரச் சட்னியைக் குறைத்து வைப்பாள்.

சம்பூர்ணத்தின் நாத்தனார் தனத்தைக் கட்டிய அன்பழகனும் ஒரு நாள் காலையில் வந்தான்.

"ஏம்மா சம்பூர்ணம், ரெண்டு இலதான். வெளக்கெண்ணெயில வதக்கிக் கட்டணும்."

"மருந்தடிச்சிருக்குண்ணே."

"துத்திக்கு எவம்மா மருந்தடிப்பான்?"

"நான் அடிப்பேன்" என்றாள். அன்பழகன் கொஞ்ச நேரம் அவளையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாட்டைக் கூப்பிடுவதுபோல ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே போனான்.

நடந்தது இதுதான். சில வருடங்களுக்கு முன்னால் சம்பூர்ணத்தின் புருஷன் மணிவேல் அந்த மூலையை ஒரு வெளியூர்க்காரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். பழைய இரும்புக்கடை போடுவதாகச் சொல்லி வந்தவன், தகரக் கொட்டகை போட்டு, லாரி லாரியாகப் பழைய பேட்டரிகளைக் கொண்டுவந்து உடைத்து ஈயம் உருக்கினான். ஆசிட்டைத் தரையிலேயே ஊற்றினான். விடியற்காலையில் புகை கிளம்பினால் தொண்டை காந்தும். முதலில் வேலிக்குள் மேய்ந்த ஆடுகள் கால் இழுத்துக்கொண்டு விழுந்தன. அடுத்து மகள் சிவரஞ்சனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். முகம் வெளுத்துப்போனது. நேற்று ஒப்பித்த பாடம் இன்று வாயில் வராமல் விழித்தாள். திருச்சி ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து, ஈயம் கலந்திருக்கிறது என்றார்கள். அதற்குள் அந்த ஆள் ஓடிவிட்டான். அதிகாரிகள் வந்து கொட்டகையைப் பிரித்து, மேல்மண்ணைச் சுரண்டி லாரியில் ஏற்றிப் போனார்கள். ஆனால் அடிமண்ணிலும் ஈயம் இருந்தது.

ஊர் கேட்டபோது, திருட்டு இரும்பைப் புதைத்து வைத்திருந்தானாம், அதற்குத்தான் சோதனை என்று மணிவேல் சொல்லிவிட்டான். அவன் பயந்தது வெங்காயத்துக்காக. எங்கள் பக்கம் சின்ன வெங்காயம்தான் பிழைப்பு. அறுவடை முடிந்ததும் கொல்லையிலேயே குச்சி நட்டு, கீற்று வேய்ந்து, காற்றாடப் பட்டறை போட்டு அடைத்துவைத்து விலைக்குக் காத்திருப்பார்கள். ஈயம் என்ற ஒரு சொல் வியாபாரியின் காதில் விழுந்தால் ஊரிலுள்ள அத்தனை பட்டறையும் அழுகும் வரைக்கும் அப்படியே நிற்கும் என்று மணிவேலுக்கு நடுக்கம்.

அவர்களுக்கு இருப்பது கிணற்றோடு சேர்ந்த அந்த மேட்டுக்கொல்லை ஒன்றுதான். அந்த மூலையும் மறுபடி வெங்காயம் விளைகிற மண்ணாக வேண்டும் என்பதைத் தவிர சம்பூர்ணத்துக்கு வேறு எண்ணம் இல்லை. வழி சொன்னவர் வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்த கவிதா மேடம். மண்ணைக் கையுறை போட்டுத் தோண்டிப் பையில் கட்டிக்கொண்டு போனவர், ஒரு மாதம் கழித்துத் துத்தி, ஆமணக்கு விதைகளும், தூரிலிருந்து பிரித்த வெட்டிவேர்ச் சிம்பும் கொண்டுவந்தார்.

"இதெல்லாம் நம்ம ஊரு மருந்துச் செடிதானங்க மேடம்" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

"மருந்துதான். ஆனா இந்த மண்ணுல நட்டா மருந்தில்ல. கெணத்துல சேறு வாருறோம்ல, அந்த வாளி மாதிரி. வேரு மண்ணுல இருக்கிற ஈயத்த உறிஞ்சித் தண்டுக்கும் இலைக்கும் ஏத்தும். வெட்டிவேரு வெளிய போவாம வேருலயே புடிச்சி வச்சிக்கும். சேறு வாருன வாளியில யாராவது சோறு போட்டுத் திம்பாங்களா?"

"மாட்டாங்க."

"ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது. எருக்குழியில போடக் கூடாது. அடுப்புல வைக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறையும், வருசக்கணக்கா ஆவும். முடியாமப் போனாலும் போவலாம். அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

சம்பூர்ணம் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். காய் முற்றுவதற்கு முன்னால் துத்தியையும் ஆமணக்கையும் வேரோடு பிடுங்கி, களத்துக்குக் கொண்டுபோகாமல் அந்த மூலையிலேயே தார்ப்பாய் விரித்துக் காயவைப்பார்கள். முகத்தில் துணி, கையில் ரப்பர் உறை. சித்திரை வெயிலில் உறைக்குள் வேர்த்து விரல் ஊறிப்போகும். வேலை முடிந்ததும் கொல்லையிலேயே சேலையை மாற்றி, தனி வாளியில் அலசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். காய்ந்ததை மூட்டை கட்டி வாய் தைத்து வைத்தால், கவிதா மேடம் பேசி வைத்திருந்தபடி வேன் வந்து அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்டு ஆலைச் சூளைக்கு எடுத்துப்போகும். அந்தச் சூட்டில் எரிந்து சிமெண்டுக் கட்டியோடு கட்டியாகிவிடும் என்றார்கள். முதல் அறுப்பில் மணிவேல் பழக்கத்தில் இரண்டு ஆமணக்குத் தண்டை ஒடித்து வெந்நீர் அடுப்பில் செருகிவிட்டான். சம்பூர்ணம் எரிகிற தண்டை வெறுங்கையால் இழுத்து வெளியே வீசினாள். "புள்ளைக்கு ஏறுனது பத்தலியா?" என்று கேட்டாள்.

இத்தனையும் ஊருக்குத் தெரியாது. வந்தவர்களுக்கு மருந்தடித்த கதை ஒரு வாரம்தான் தாங்கும், எட்டாம் நாள் மறுபடி வந்து நிற்பார்கள். முள்வேலி போட்டாள், பிரித்துவிட்டு நுழைந்தார்கள். கடைசியில் ஒரு நாள் வேலியைச் சுற்றி மஞ்சள் நூல் கட்டி, இந்தச் செடியெல்லாம் மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டது, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு யாரும் வரவில்லை. சம்பூர்ணம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பச்சையம்மாள் சூடம், மஞ்சள், குங்குமத்தோடு வந்து வேலிக்கு வெளியே விளக்கேற்றினாள். அதற்கடுத்த வெள்ளி ஏழெட்டுப் பேர். நேர்ந்துவிட்ட செடி என்றதும் ஊர் அதற்கு இன்னும் மதிப்புக் கூட்டிவிட்டது. அம்மன் இலை என்று பேர் வைத்தார்கள். அம்மன் காவல் இல்லாமலா இந்தக் கோடையிலும் இப்படித் தழைக்கும் என்றார்கள். கீழே விழுந்த பழுத்த இலையைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள் ஒருத்தி. சம்பூர்ணம் பின்னாலேயே ஓடி, அது விழுந்த இலை, ஆகாது என்று கெஞ்சி வாங்கிவந்தாள்.

ஆடி பிறந்தது. கோயில் பூசாரி அய்யாக்கண்ணு வீடு தேடி வந்து உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். வழக்கமாக அம்மன் கூழுக்கு முருங்கைக்கீரை கிண்டுவார்கள். இந்த வருடம் மூன்றாம் வெள்ளியன்று அம்மன் கொல்லைத் துத்தியைப் பறித்துக் கீரையாகக் கிண்டி, கூழோடு ஊருக்கே கொடுப்பதென்று பேசி முடித்துவிட்டார்களாம்.

அவர் போனதும் மணிவேல் வாசலைச் சாத்திவிட்டுச் சொன்னான், "இன்னிக்கே அறுத்துடுவோம். செடியே இல்லன்னா எதப் பறிப்பாங்க?"

"அறுத்துப் போட்டா அம்மன் இலன்னு கட்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போவாங்க. மூட்டை கட்டுறதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது."

"அப்ப என்னாங்குற?"

"சொல்லிடலாங்குறேன்."

"சொன்னா வெங்காயம் போச்சு. நம்மளது மட்டுமில்ல, ஊரு வெங்காயமே போச்சு. நம்மள இந்த ஊருல இருக்க வுடுவாங்களா?"

"வெங்காயம் போனா கூலிக்குப் போயிக்கலாம். ரஞ்சனி கெடந்தாளே வவுத்தப் புடிச்சிக்கிட்டு, அது மாதிரி இருக்கிற புள்ளைவ அத்தனையும் கெடந்துச்சுன்னா எங்க மாமா போவோம்?"

சிவரஞ்சனி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வந்து, தான் சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளை ஆணியிலிருந்து எடுத்து அப்பா முன்னால் வைத்துவிட்டுத் திரும்பப் போனாள். மணிவேல் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் வெள்ளி. ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. கோயில் வாசலில் கம்பங்கூழ் கொதிக்கிற வாசனை மேட்டுக்கொல்லை வரைக்கும் வந்தது. பறியும் கூடையுமாகப் பெண்கள் வந்தார்கள். முன்னால் அய்யாக்கண்ணு, நெற்றி நிறையத் திருநீறோடு. வேலி வாசல் படலுக்குக் குறுக்கே சம்பூர்ணம் நின்றாள்.

"நில்லுங்க மாமா. இது அம்மனுக்கு நேர்ந்து வுட்டதில்ல."

"என்னம்மா சொல்ற?"

"நான் சொன்னது பொய்யி. இந்த மண்ணுல ஈயம் இருக்கு. அந்த வெளியூர்க்காரன் பேட்டரி உருக்குனதுல எறங்குனது. ரஞ்சனிக்கு ஒடம்பு கெட்டதும், ஆடு செத்ததும் அதுனாலதான். அத வெளிய எடுக்கத்தான் இந்தச் செடிய வச்சிருக்கேன். ஈயமெல்லாம் இப்ப இந்த இலையில இருக்கு. திங்கக் கூடாது. தெரிஞ்சா வெங்காயம் விக்காதுன்னு பயந்துகிட்டு மறச்சுட்டோம்."

முன்னால் நின்ற ஒருத்தி கூடையை மெதுவாகத் தரையில் வைத்தாள். தனத்தின் கொல்லை மேட்டுக்கொல்லைக்கு அடுத்துக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. மழைத் தண்ணீர் இங்கிருந்துதான் அங்கே வடியும். அவளுக்கு அது முதலில் உறைத்தது.

"எங்க கொல்லையில எறங்கி வார தண்ணி இதுதான? எம்புள்ளைவ அதுலதான அண்ணி ஆடுதுவ? எங்கிட்டகூடவா சொல்லல?"

"சொல்லலதான் தனம்."

"என் அண்ணன் வாடகை வாங்கித் தின்னதுக்கு நாங்க சாவணுமா?"

மணிவேல் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தான். தப்பு தன்னுடையதுதான், சம்பூர்ணத்தைத் திட்ட வேண்டாம் என்றான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அன்பழகன் தொண்டையைக் கனைத்தான்.

"நான் ரெண்டு தடவ பறிச்சிட்டேன்."

"எப்ப?" என்றாள் தனம்.

"அசந்த நேரத்துல."

பச்சையம்மாள் கேட்டாள், "உள்ளுக்குச் சாப்புட்டியா, வெளிய கட்டுனியாண்ணே?"

அன்பழகன் வானத்தைப் பார்த்தான். "கட்டுனேன்" என்றான். இத்தனை கோபத்துக்கு நடுவிலும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தனம்கூடத் திரும்பி நின்றுகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. ஆனாலும் அவனை அன்றைக்கே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு ரத்தச் சோதனைக்கு இழுத்துப்போனாள். ஒன்றும் இல்லை என்று வந்தது.

அய்யாக்கண்ணு வேலியில் கட்டியிருந்த மஞ்சள் நூலைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மன் பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்ட. அத இப்ப எப்படித் திரும்ப எடுக்கிறது? சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். இந்த மண்ணு என்னிக்குச் சுத்தமாவுதோ அன்னிக்கு மொத வெங்காயம் கூழுக்கு வந்தாவணும். அதுவரைக்கும் இங்க ஒரு இலைய ஒருத்தரும் தொடக் கூடாது. நானும்தான்."

சொல்லிவிட்டு, நூலைத் தொட்ட கையை வேட்டியில் துடைக்கப் போனவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு, பம்புசெட்டுக்குப் போய்ச் சோப்புக் கேட்டார். அந்த வருடமும் கூழுக்கு முருங்கைக்கீரைதான்.

மணிவேல் பயந்தது நடக்காமல் இல்லை. சேதி பரவியதும் வியாபாரியின் வண்டி வரவில்லை. பட்டறைகளைச் சுற்றி ஊர் புகைந்தது. டீக்கடையில் மணிவேல் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. ஆனால் இப்போது மறைக்க ஒன்றும் இல்லாததால் கவிதா மேடம் பகிரங்கமாகவே வந்து ஒவ்வொரு கொல்லையிலும் மண்ணும், ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீரும், ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் வெங்காயமும் எடுத்துப்போனார். மேட்டுக்கொல்லை மூலையும் அதற்குக் கீழே தனத்தின் கொல்லையில் ஒரு துண்டும் தவிர, எல்லாம் சுத்தம் என்று வந்தது. பச்சையம்மாள் அந்த முடிவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு இட்லிக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வியாபாரி வந்து அதை நின்று படித்துவிட்டு, நாலு இட்லியும் தின்றுவிட்டுப் பட்டறைப் பக்கம் போனார். பயந்து பயந்து மறைத்ததைவிடச் சோதித்துச் சொன்னதுதான் அவருக்குத் தோதாக இருந்தது. டவுனில் கேட்கிறவர்களிடம், இது சோதிச்ச வெங்காயம் என்று சொல்லி விற்றதாகக் கேள்வி.

மருந்துக்கு இலை கேட்பவர்களுக்காகச் சம்பூர்ணம் வீட்டுக்குப் பின்னால் சுத்தமான மண்ணில் ஒரு வரிசை துத்தி போட்டாள். இப்போது அன்பழகன் மாட்டைத் தேடாமல் நேராகவே வந்தான். தனம்தான் பேச்சை விட்டிருந்தாள். ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஒரு நாள் வந்து, முகத்தைப் பார்க்காமல், வெட்டிவேர்ச் சிம்பு இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்கு. எவ்ளோ வேணும்?"

"என் துண்டு நெலத்துக்கு எவ்ளோ ஆவுமோ அவ்ளோ. நடத் தெரியாது. நீங்கதான் வந்து காட்டணும்."

சம்பூர்ணம் காட்டப் போனாள். இரண்டு பேரும் ஒரே வரப்பில் குனிந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு நட்டார்கள். துணி கட்டியிருந்ததால் முகம் கொடுக்காமல் பேசுவது சுலபமாக இருந்தது. இருட்டுவதற்குள் பழையபடி ஆகிவிட்டார்கள்.

அதன் பிறகு வேலைதான். நடுவது, பிடுங்குவது, காயவைப்பது, மூட்டை கட்டுவது, மறுபடி நடுவது. ஒரு வருடம் மழை பொய்த்துச் செடி கருகியது. ஒரு வருடம் சோதனையில் ஈயம் கொஞ்சம்கூடக் குறையவில்லை என்று வந்து சம்பூர்ணம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சோதனைக்கு மண்ணை வேறு இடத்திலிருந்து எடுத்துப் பார்க்கலாம், எருவையும் கூட்டிப் பார்க்கலாம் என்று கவிதா மேடம் கூடவே நின்றார். மூட்டை கட்டுகிற நாளில் யாராவது கை கொடுக்க வந்துவிடுவார்கள். அம்மனுக்குச் சேரவேண்டியது இந்த மண்ணில் கிடக்கிறதே என்ற கவலை அய்யாக்கண்ணுவுக்கு. வருடா வருடம் ஆடியில் வந்து வேலிக்கு வெளியே நின்று, "என்னம்மா, ஆச்சா?" என்பார். இன்னும் இல்லை என்பாள். சரி என்று போவார். சிவரஞ்சனி தெளிந்துவிட்டாள். பிளஸ் டூ முடித்து, மண்ணைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்று கல்லூரிக்குப் போனாள்.

ஒரு சித்திரை மாதத்தில் கவிதா மேடத்தின் ஸ்கூட்டி வந்து நின்றது. அவர் இறங்குவதற்கு முன்பே சிரித்துவிட்டார்.

"இது மூணாவது தடவ சோதிச்சது. ரெண்டு தடவ நம்பாமத்தான் உங்ககிட்ட சொல்லல. ஈயம் அளவுக்குக் கீழ வந்துடுச்சு. தனம் துண்டும்தான். வெங்காயம் போடலாம். ஆனா மொத வெளச்சலையும் சோதிச்சிட்டுத்தான் வாயில வைக்கணும்."

சம்பூர்ணம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்த மூலைக்குள் நடந்தாள். இத்தனை வருடமாக அங்கே அவள் வெறுங்காலோடு நின்றதில்லை. மண் சுட்டது. நின்றாள்.

மணிவேல் அன்று மாலையே உழவுக்கு டிராக்டர் சொன்னான். வைகாசியில் விதை வெங்காயம் ஊன்றினார்கள். தாள் ஒரே சீராக எழும்பியது. ஆடியில் தாள் சாய்ந்து, பிடுங்கியபோது செக்கச்சிவந்த காய் கொத்துக்கொத்தாக வந்தது. ஒன்றையும் யாரும் வாயில் வைக்கவில்லை. முடிவு வருகிறவரைக்கும் பட்டறையில் காற்றாடக் கிடந்தது. மூன்றாம் வெள்ளிக்கு முந்தைய நாள் சிவரஞ்சனியே முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கி, கொல்லை வரைக்கும் ஓடிவந்தாள். சுத்தம்.

விடிந்ததும் கோயில் வாசலில் கூழ் கொதித்தது. சம்பூர்ணம் ஒரு கூடை வெங்காயத்தைத் தோலுரித்துக் கழுவி, தலையில் சுமந்துவந்து அய்யாக்கண்ணு முன்னால் இறக்கினாள். அவர் அதை அம்மனுக்குப் படைத்து, கூழ் ஊற்றுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்தார். எது எந்தக் கொல்லை வெங்காயம் என்று எல்லோருக்கும் தெரியும். கூழ் வாங்கியவர்கள் சொம்போடு ஒதுங்கி நின்றார்கள். கூடைப் பக்கம் ஒரு கையும் வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோதனை ஆயிரம் சொல்லலாம், வாய் வேறு. சம்பூர்ணம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

தனம் சொம்போடு வந்தாள். கூடைக்குள் கையை விட்டு, பெரிதாகப் பார்த்து மூன்று வெங்காயம் எடுத்தாள். ஒன்றைத் தன் சின்ன மகன் வாயில் வைத்தாள். ஒன்றைத் தான் கடித்தாள். மூன்றாவதை அன்பழகன் பக்கம் நீட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

அவள் மென்று முடிக்கிற வரைக்கும் ஊர் காத்திருந்தது.

"காரம் பத்தல அண்ணி" என்றாள் தனம்.

"காரம் பத்தலயா?" பச்சையம்மாள் முன்னால் வந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. "இவளுக்கு நாக்கு செத்துப்போச்சுடி. இங்க எனக்குக் காது அடைக்குது."

அவளுக்குப் பின்னால் ஒரு கை வந்தது. அடுத்து இரண்டு. பிறகு கூடையைச் சுற்றிக் கைகளாகத்தான் இருந்தன. பிள்ளைகள் கூழைக் கீழே வைத்துவிட்டு வெங்காயத்துக்கு அடித்துக்கொண்டன. அய்யாக்கண்ணு தன் பங்குக்கு நாலைந்தை மடியில் கட்டிக்கொண்டு, கூடையை எட்டிப் பார்த்தார். வெறும் அடிதான் தெரிந்தது.

"கூழு பாதி அண்டா இருக்கு, வெங்காயம் தீந்துபோச்சே. ஏம்மா சம்பூர்ணம், இதுக்கு ஒரு கூடை எந்த மூலைக்கு?"

சம்பூர்ணம் திரும்பிப் பார்ப்பதற்குள் மணிவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.